வெயிலுக்கு எந்த ட்யூப்? எஸ்.பி.எஃப், பி.ஏ, துணி: ஓர் ஒப்பீடு

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் ஸ்கூட்டரில் வேலைக்குச் சென்று திரும்பும் எனக்கு, இடக்கையைவிட வலக்கை நன்றாகவே கறுத்திருக்கிறது. சாலை ஏறத்தாழத் தெற்கு வடக்காக ஓடுவதால், காலையில் வடக்கு நோக்கிப் போகும்போது கிழக்கு வெயில் வலப்பக்கம் விழுகிறது. மாலையில் தெற்கு நோக்கித் திரும்பும்போது மேற்கு வெயிலும் அதே வலப்பக்கம்தான் விழுகிறது. காலை எட்டரை, மாலை ஐந்து என்று, வெயில் சுள்ளென்று சுடாத வேளைகளில்தான் வண்டி ஓட்டுகிறேன். அப்படியிருந்தும் அந்த ஒரு கை கறுத்தது எப்படி என்ற கேள்விதான், மருந்துக் கடையில் வரிசையாக நிற்கும் சன்ஸ்கிரீன் ட்யூப்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கத் தூண்டியது.

வெயிலில் வரும் புற ஊதாக் கதிர்களில் நம்மை எட்டுபவை இரண்டு வகை. தோலைச் சிவக்கச் செய்து எரிய வைப்பது பெரும்பாலும் யு.வி.பி. அது நண்பகலில் உச்சத்துக்குப் போய், காலை மாலைகளில் வெகுவாகக் குறைந்துவிடும். யு.வி.ஏ அப்படியல்ல, பொழுது முழுவதும் ஓரளவு சீராக இருக்கும், பேருந்தின் சாதாரண சன்னல் கண்ணாடியையும் ஊடுருவும், தோலுக்குள் ஆழமாக இறங்கிக் கருமையையும் சுருக்கத்தையும் உண்டாக்கும். ட்யூபின் முகப்பில் பெரிதாக அச்சிடப்படும் எஸ்.பி.எஃப் எண், தோல் சிவப்பதை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் கொண்டு கணக்கிடப்படுவதால், அது முதன்மையாக யு.வி.பி-யைப் பற்றிய செய்தி. என் வலக்கைக்கு வேண்டிய செய்தி அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கிறது.

முதலில் எஸ்.பி.எஃப் 30, எஸ்.பி.எஃப் 50 இரண்டையும் எடுத்துக்கொள்வோம். முதலாவது சுமார் 97 விழுக்காடும் இரண்டாவது 98 விழுக்காடும் தடுக்கின்றன, ஆகவே வேறுபாடு ஒரே ஒரு விழுக்காடு என்று பலரும் எழுதுகிறார்கள். கணக்கு சரி, ஆனால் தடுக்கப்பட்டதை விட்டுவிட்டுத் தோலுக்குள் போனதைப் பார்த்தால், முன்னதில் 3.3 விழுக்காடும் பின்னதில் 2 விழுக்காடும் உள்ளே போகின்றன, அதாவது 30 பூசியவர் ஒன்றரை மடங்குக்கும் மேலாக வாங்கிக்கொள்கிறார். நம்மில் பெரும்பாலோர் வேண்டிய அளவு பூசுவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, விலையில் பெரிய வேறுபாடு இல்லையென்றால் 50-ஐ எடுப்பதே நல்லது. அதற்கு மேற்பட்ட எண்களுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது அன்றாடப் பயன்பாட்டுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

யு.வி.ஏ-வுக்கு நம் கடைகளில் காணப்படுவது ஜப்பானிலிருந்து வந்த பி.ஏ குறி. ஒரு கூட்டல் குறி முதல் நான்கு கூட்டல் குறி வரை உண்டு. நான்கு என்றால் யு.வி.ஏ காப்பு எண் 16 அல்லது அதற்கு மேல், மூன்று என்றால் 8 முதல் 16-க்குள். புதுச்சேரியில் பல குடும்பங்களுக்கு பிரான்சில் உறவினர் இருப்பதால், விடுமுறைக்கு வருபவர்கள் கொண்டுவரும் ட்யூப்களும் வீடுகளில் புழங்குகின்றன. அவற்றில் பி.ஏ குறி இல்லையே என்று ஒதுக்கத் தேவையில்லை. வட்டத்துக்குள் யு.வி.ஏ என்ற எழுத்துகள் இருந்தால், யு.வி.ஏ காப்பு எஸ்.பி.எஃப்-இல் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது என்று பொருள், எஸ்.பி.எஃப் 50-க்கு அது 16-ஐச் சற்றே தாண்டுவதால், நம்மூர் நான்கு கூட்டல் குறிக்கு ஏறத்தாழ நிகர். எஸ்.பி.எஃப் 50 என்று மட்டும் போட்டு, பி.ஏ குறியும் வட்டமும் இல்லாத ட்யூபை நான் வாங்குவதில்லை.

அடுத்தது உள்ளடக்கம். தாது வகையில் ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் இருக்கும். வேதி வகையில் அவோபென்சோன், ஆக்டினாக்சேட், ஆக்டோகிரைலின் போன்றவை இருக்கும். தாது வகை கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, வேதி வகை உறிஞ்சுகிறது என்ற பேச்சு பாதிதான் உண்மை: தாதுக்களும் புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் உறிஞ்சவே செய்கின்றன, சிறு பங்கைத்தான் சிதறடிக்கின்றன. எளிதில் சிவந்து அரிக்கும் தோலுக்கும் குழந்தைகளுக்கும் தாது வகை ஏற்றது. நம் மாநிறத்தின் மேல் அது சாம்பல் பூத்தது போல நிற்பதுதான் குறை. அந்த வெளிறலுக்கு அஞ்சிக் குறைவாகப் பூசினால் பயனும் குறைகிறது. டைட்டானியம் மட்டும் உள்ள கிரீம் நீண்ட அலை யு.வி.ஏ-வைச் சரியாகத் தடுக்காது என்பதால், தாது வகையில் ஜிங்க் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேதி வகை தோலோடு கலந்து மறைந்துவிடும், வியர்வைக்கும் ஒத்துப்போகும், ஆனால் யு.வி.ஏ-வைத் தடுக்கும் அவோபென்சோன் வெயிலிலேயே சிதையக்கூடியது. ஆக்டோகிரைலின் உடன் இருந்தால் அது நிலைத்து நிற்கும், ஆக்டினாக்சேட் உடன் இருந்தால் விரைவில் சிதையும்.

கன்னத்தில் மங்கு உள்ளவர்களுக்கு இந்த இரண்டைவிடவும் மேலானது மூன்றாவது ஒரு வகை: இரும்பு ஆக்சைடு சேர்த்துத் தோல் நிறமேற்றிய சன்ஸ்கிரீன். மாநிறத் தோலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியே, குறிப்பாக அதன் நீலப் பகுதி, கருமையைத் தூண்டுகிறது. நிறமில்லாத கிரீம்கள் அதைத் தடுப்பதில்லை. வெள்ளைத் தோலினருக்குத் தோல் புற்றுநோய் பெரிய அச்சமாக இருப்பதால் அவர்களுக்காக எழுதப்படும் அறிவுரைகளில் இந்தச் செய்தி பின்னுக்குப் போய்விடுகிறது. நமக்கோ மங்குதான் பெருங்கவலை. ஆகவே நமக்கு இது முன்னால் வர வேண்டும்.

எந்த ட்யூபாக இருந்தாலும், அதன் எண் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துப் பெற்றது. மக்கள் வழக்கமாகப் பூசுவது அதில் கால் பங்கிலிருந்து பாதி வரைதான். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கிரீமைக் கோடாகப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும் என்பார்கள். நகைப் பட்டறை வைத்திருக்கும் உறவினர் ஒருவரின் தராசில் அந்த இரு கோடுகளையும் வைத்துப் பார்த்தேன், 1.2 கிராம் காட்டியது. காலையில் ஒரு முறை, வீடு திரும்புமுன் ஒரு முறை என்றால் 50 கிராம் ட்யூப் மூன்று வாரத்தில் தீர வேண்டும். என் அலமாரியில் அது நான்கு மாதம் இருந்தது. விலை கூடிய ட்யூபைச் சிக்கனமாகத் தடவுவதைவிட, மலிவான ட்யூபைத் தாராளமாகத் தடவுவதே பலன் தரும் என்பதை அன்றுதான் முழுதாக ஏற்றுக்கொண்டேன்.

ஸ்ப்ரே, கடற்கரைக் காற்றில் பாதி பறந்துவிடும். ஸ்டிக், காது நுனிக்கும் மூக்குக்கும் வசதி. ஜெல், பருக்கள் உள்ள முகத்துக்கு நல்லது. மற்றபடி இவை பழக்கத்தைப் பொறுத்தவை.

எப்போது பூசுவது என்பதில் நம்மூரில் ஒரு தவறான எண்ணம் உண்டு: கத்திரி வெயிலுக்குத்தான் சன்ஸ்கிரீன் என்று. புதுச்சேரியும் கடலூரும் 12 பாகை வட அகலாங்கை ஒட்டி இருப்பதால், சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது ஏப்ரல் 21, 22-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20, 21-ஐ ஒட்டியும்; அந்நாள்களில் பகல் 12.10 மணியளவில் நட்ட கம்பத்துக்கு நிழலே இராது. வெப்பம் வேறு, புற ஊதாக் கதிர் வேறு. ஆகஸ்டில் மாலை மழை பெய்கிறது என்று ட்யூபை மூடி வைப்பவர்கள் அதே உச்சிக் கதிரைத்தான் வாங்குகிறார்கள். மெல்லிய மேகம் அதில் பெரும்பகுதியை விட்டுவிடுகிறது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் யு.வி.பி-யும் வலுவாக இருக்கிறது என்று கொள்ளலாம். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரிக்காகக் காலை முதல் நிற்பவர்களுக்கு, மணலிலிருந்து மீண்டு வரும் கதிரும் கணக்கில் சேரும். வெள்ளிக் கடற்கரையிலோ செரினிட்டி கடற்கரையிலோ நீரில் இறங்குபவர்கள் நீர் தாங்கும் வகையை வெயிலுக்குப் போகுமுன் கால் மணி நேரம் முன்பே பூசி, கரையேறித் துடைத்ததும் மீண்டும் பூச வேண்டும். நீரில் இறங்காவிட்டாலும் வெளியில் இருக்கும் வரை இரண்டு மணிக்கு ஒரு முறை பூச வேண்டும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குக் கிரீம் வேண்டாம், நிழலும் துணியும் போதும்.

கையைப் பொறுத்தவரை கிரீமையும் துணியையும் ஒப்பிட்டால் துணியே வெல்கிறது. ஒரு முழுக் கைக்கு ஒரு தேக்கரண்டி கிரீம் வேண்டும். இரு கைகளுக்கும் காலை மாலை பூசினால் 50 கிராம் ட்யூப் மூன்று நாளைத் தாண்டாது. துணியிலும் வேறுபாடு உண்டு. மெல்லிய வெள்ளைப் பருத்தி ஓரளவே காக்கும், நனைந்தால் இன்னும் குறையும். நெருக்கமாக நெய்த அடர்நிறத் துணி நன்றாகக் காக்கும். கடையில் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மறுபக்கத்து விரல்கள் தெரிகின்றனவா என்று பார்த்து வாங்கலாம். முகத்தில் சுற்றும் துப்பட்டாவுக்கும் இதே சோதனைதான்.

பத்து மாதங்களாக அடர்நீல நிறக் கையுறைச் சட்டையை முழங்கை வரை மாட்டிக்கொண்டு ஓட்டுகிறேன். முகத்துக்கு மட்டும் நான்கு கூட்டல் குறி ட்யூப். இரு கைகளையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தால், முன்கையில் நிற வேறுபாடு பாதிக்கும் மேல் குறைந்திருக்கிறது. கையுறை எட்டாமல் ஆக்சிலரேட்டரைப் பிடித்திருக்கும் நான்கு விரல்களின் நுனி மட்டும் இன்னும் கறுத்தே இருக்கிறது. அங்கே இப்போது ஸ்டிக் பூசத் தொடங்கியிருக்கிறேன்.