முதலாமாண்டுப் புள்ளிவிபரவியலுக்கு எந்தப் புத்தகம்? மலையக மாணவருக்கான ஒரு மதிப்பீடு

பேராதனையிலோ பதுளையின் ஊவா வெல்லஸ்ஸவிலோ உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம் ஒன்றிலோ, முதலாமாண்டுப் புள்ளிவிபரவியல் வகுப்பில் இரண்டு வகையான பிள்ளைகள் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் உயர்தரத்தில் வணிகப் புள்ளிவிபரவியல் படித்தவர். செவ்வன் பரம்பல் அட்டவணை அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. மற்றவர் கலைப்பிரிவு, சாதாரண தரத்தோடு கணிதத்தை விட்டவர். பாடமும் புத்தகமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், இருவரும் யோசிப்பதோ தமிழில். இந்த இருவருக்கும் ஒரே புத்தகம் தெரிவு செய்வதைப் பற்றித்தான் இந்த மதிப்பீடு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பாடநூலாக ஓப்பன்இன்ட்ரோ ஸ்டாட்டிஸ்டிக்ஸ், 4ஆம் பதிப்பு, 2019. பயிற்சிக் கணக்குகளுக்கு ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட இன்ட்ரடக்டரி ஸ்டாட்டிஸ்டிக்ஸ். இரண்டும் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. இரண்டிலும் இல்லாத சில பகுதிகள் நம் பாடத்திட்டங்களில் உண்டு. அவற்றுக்கு இந்தியப் பாடநூல் ஒன்று நூலகத்தில் இருந்தால் போதும், விலைகொடுத்து வாங்கத் தேவையில்லை.

ஓப்பன்இன்ட்ரோ டேவிட் டீஸ், மினே செட்டின்காயா-ருண்டல், கிறிஸ்டோபர் பார் ஆகிய மூவர் எழுதியது. ஒன்பது அத்தியாயங்கள். முதல் அத்தியாயம் வரைவிலக்கணத்தில் தொடங்கவில்லை, ஒரு மருத்துவ ஆய்வில் தொடங்குகிறது. பக்கவாத ஆபத்துள்ள 451 நோயாளிகள். 224 பேருக்கு மருந்தோடு ஸ்டென்ட்டும் (இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைத்தார்கள், 227 பேருக்கு மருந்து மட்டும். ஒரு வருடத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 45 பேருக்குப் பக்கவாதம், மற்றவர்களில் 28 பேருக்கு. அதாவது 20 வீதமும் 12 வீதமும். நன்மை செய்யும் என்று நம்பி வைத்த கருவி இருந்த பக்கமே கெடுதல் கூடியிருக்கிறது. இந்த 8 வீத வித்தியாசம் உண்மையானதா, தற்செயலாக வந்திருக்கக் கூடியதா என்று புத்தகம் கேட்கிறது. முதல் நாளிலேயே கேட்கப்படும் இந்தக் கேள்வி கடைசி அத்தியாயம் வரை கைவிடப்படுவதில்லை. ஒரு அறிமுக நூலுக்கு இதைவிட நல்ல முதுகெலும்பு எங்கள் கண்ணில் படவில்லை.

அதற்கான விடையைச் சூத்திரம் இல்லாமல் காட்டும் இடம் இரண்டாம் அத்தியாயத்தின் கடைசிப் பகுதி. மலேரியாத் தடுப்பூசி ஆய்வு, 20 பேர். 14 பேருக்குத் தடுப்பூசி, 6 பேருக்குப் போலி மருந்து. தடுப்பூசி பெற்றவர்களில் 5 பேருக்குத் தொற்று, போலி மருந்து பெற்ற 6 பேருக்குமே தொற்று. இதை வகுப்பில் செய்து காட்ட ஒரு சீட்டுக்கட்டு போதும். 11 சிவப்பு, 9 கறுப்பு எடுங்கள். சிவப்பு தொற்றியவர், கறுப்பு தொற்றாதவர். நன்றாகக் குலுக்கி மேலே இருந்து 6 சீட்டுகளைப் போலி மருந்துக் குழு என்று பிரியுங்கள். ஆறும் சிவப்பாக வந்ததா? திரும்பக் குலுக்குங்கள். முப்பது பிள்ளைகள் ஆளுக்கு மூன்று தடவை செய்தால் 90 முயற்சிகள். அதில் ஆறும் சிவப்பு வருவது ஒன்றோ இரண்டோ, சில வேளை ஒன்றுமே இராது. கணக்காகப் போட்டால் 38,760 வழிகளில் 462, அதாவது 1.2 வீதம். தடுப்பூசி ஒன்றுமே செய்யவில்லை என்று வைத்துக்கொண்டால் இப்படி ஒரு முடிவு வருவது எவ்வளவு அரிது என்பதைப் பிள்ளையின் கைகளே பார்த்துவிடுகின்றன. பி-பெறுமானம் என்ற சொல் பல அத்தியாயம் தள்ளி வரும்போது அது ஏற்கெனவே பழகிய சங்கதி.

எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் நாங்கள் முதலில் திறப்பது பி-பெறுமானம் விளக்கப்படும் பக்கத்தைத்தான். "சூனியக் கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவு" என்று எழுதியிருந்தால் மூடி வைத்துவிடலாம். சூனியக் கருதுகோள், அதாவது வித்தியாசம் ஒன்றும் இல்லை என்ற எடுகோள், உண்மை என்று கொண்டால், கிடைத்த தரவோ அதைவிட விலகிய தரவோ வரும் நிகழ்தகவுதான் அது. அமெரிக்கப் புள்ளிவிபரவியல் சங்கம் 2016இல் இதற்கென்றே ஒரு அறிக்கை வெளியிட வேண்டி வந்தது. இங்கே பேசும் இரண்டு இலவச நூல்களும் இந்தச் சோதனையில் தேறுகின்றன.

இனி ஓப்பன்இன்ட்ரோவின் குறைகள். கருதுகோள் சோதனையை அது விகிதாசாரத்தில் தொடங்குகிறது. சராசரிக்கு வரும்போது நேரே டி-பரம்பலுக்கு (நியம விலகலை மாதிரியிலிருந்தே மதிப்பிடும்போது பயன்படுவது) போய்விடுகிறது. "குடித்தொகையின் நியம விலகல் தரப்பட்டுள்ளது, இசட் சோதனை செய்க" என்ற நம் வினாத்தாள்களின் பழகிய கேள்விக்கு அதில் ஆயத்தம் இல்லை. நடைமுறையில் குடித்தொகையின், அதாவது ஆராயப்படும் முழுக் கூட்டத்தின், நியம விலகல் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) யாருக்கும் தெரியாது என்பதால் நூலாசிரியர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் வினாத்தாள் எழுதப் போகும் பிள்ளைக்கு அந்த நியாயம் மட்டும் போதாது. கூட்டமாக்கிய மீடிறன் பரம்பலில் இடையமும் (நடுப் பெறுமானம்) ஆகாரமும் (அதிக தடவை வரும் பெறுமானம்) காணும் சூத்திரங்களும் இல்லை. சுட்டெண், காலத்தொடர் இரண்டும் இல்லை. முகாமைத்துவ, கணக்கியல் மாணவர்களுக்கு இது பெரிய ஓட்டை. எஸ். பி. குப்தாவின் ஸ்டாட்டிஸ்டிக்கல் மெத்தட்ஸ் போன்ற இந்திய நூல்களில் இவை தாராளமாக உண்டு. அந்த நூல்களைக் கணக்குப் பயிற்சிக்கு எடுங்கள், முதல் பாடநூலாக வேண்டாம். சூத்திரம் முன்னால் வந்து தரவு பின்னால் வரும் அமைப்பு, கலைப்பிரிவுப் பிள்ளையை இரண்டாம் வாரத்திலேயே விரட்டிவிடும்.

ஓப்பன்ஸ்டாக்ஸ் நூலை பார்பரா இலவ்ஸ்கி, சூசன் டீன் இருவர் எழுதினர். 13 அத்தியாயங்கள், ஏறத்தாழ 900 பக்கம். மெதுவான நடை, எளிய ஆங்கிலம், ஏராளமான கணக்குகள். குடித்தொகை நியம விலகல் தெரிந்த நிலைமையும் உண்டு, ஆகவே மேலே சொன்ன இசட் ஓட்டையை இதன் 8ஆம், 9ஆம் அத்தியாயங்கள் அடைக்கும். சிக்கல் கல்குலேட்டரில். விளக்கம் முழுக்க டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 83, 84 வகைக் கருவியின் பொத்தான்களை வைத்தே போகிறது. நம் பிள்ளைகள் கையில் இருப்பது கேசியோ. எதை அழுத்துவது என்று அந்தப் பத்திகளில் தேடினால் நேரம்தான் வீண், தாண்டிப் போய்விடுங்கள்.

கேசியோவில் தவறு நடக்கும் இடம் வேறு. ஒரு கணக்கைப் பார்ப்போம். மடுவத்தில் பத்துப் பேர் நிறுத்த கொழுந்து, கிலோவில்: 14, 16, 17, 18, 18, 19, 20, 21, 22, 35. (கணக்குக்காக நாங்கள் இட்ட எண்கள்.) கூட்டுத்தொகை 200, இடை (சராசரி) 20, இடையம் 18.5. விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 300. அதில் 225 அந்த 35 கிலோக்காரர் ஒருவருடையது! இப்போது நியம விலகலுக்கு 300ஐ 10ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 5.48. 9ஆல் வகுத்தால் 5.77. கல்குலேட்டர் இரண்டையும் காட்டும்: சிக்மா என்று இருப்பது முதலாவது, எஸ் என்று இருப்பது இரண்டாவது. பத்துப் பேரும்தான் உங்கள் முழுக் குடித்தொகை என்றால் சிக்மா. தோட்டத்தின் எல்லாத் தொழிலாளரையும் பற்றி அறிய எடுத்த மாதிரி என்றால் எஸ். ஓப்பன்இன்ட்ரோவும் ஓப்பன்ஸ்டாக்ஸும் மாதிரிக்கு ஒன்று குறைத்துத்தான் வகுக்கின்றன. பழைய நூல்கள் சில முழு எண்ணாலேயே வகுக்கும். இரண்டு நூல்களைப் பக்கத்தில் வைத்துப் படிக்கும் பிள்ளை விடை ஒத்துவராமல் ஒரு மாலைப்பொழுதை இழப்பது பெரும்பாலும் இதனால்தான்.

அடுத்த பொறி இசட் அட்டவணை, அதாவது செவ்வன் பரம்பல் அட்டவணை. 1.96க்கு நேரே பாருங்கள். 0.9750 என்று இருந்தால் அட்டவணை இடது கோடியிலிருந்து அளக்கிறது, ஓப்பன்இன்ட்ரோவின் அட்டவணை இந்த வகை. 0.4750 என்று இருந்தால் நடுவிலிருந்து அளக்கிறது. 0.0250 என்றால் வலது வால். ஒரு வகையில் பழகிவிட்டுப் பரீட்சை மண்டபத்தில் இன்னொரு வகையைக் கண்டால், 0.5இலிருந்து 0.9750ஐக் கழித்து மறை நிகழ்தகவு எழுதிவைப்பார்கள். பரீட்சையில் எந்த அட்டவணை தருவார்கள் என்று முதல் வாரமே விரிவுரையாளரிடம் கேட்டு, அதை நகலெடுத்துப் புத்தகத்துக்குள் ஒட்டி வையுங்கள்.

மொழி விஷயத்துக்கு வருவோம், எங்களுக்கு மிகவும் அக்கறை உள்ளது இதுதான். ஆங்கில நூல் புரியாமல் தவிக்கும் பிள்ளை இணையத்தில் தமிழ் நூல் தேடினால் முதலில் கிடைப்பது தமிழ்நாட்டு அரசின் மேனிலை வகுப்புப் புள்ளியியல் நூல்கள். நல்ல நூல்கள்தான். ஆனால் கலைச்சொற்கள் வேறு, அந்த வேறுபாடு ஆபத்தான வேறுபாடு. நம் பாடசாலையில் "இடை" என்றால் சராசரி. தமிழ்நாட்டு நூலில் "இடைநிலை" என்றால் நம் இடையம். "இடை" என்று தொடங்குவதால் சராசரி என்றே எண்ணிக் கணக்குப் போட்டால் முழுப் பக்கமும் பிழை. நம் ஆகாரம் அங்கே முகடு. நம் நியம விலகல் அங்கே திட்ட விலக்கம், செவ்வன் பரம்பல் இயல்நிலைப் பரவல், இணைபு ஒட்டுறவு. தேசிய கல்வி நிறுவகத்தின் வணிகப் புள்ளிவிபரவியல் ஆசிரியர் வழிகாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நம் சொல், அவர்கள் சொல், ஆங்கிலச் சொல் மூன்றையும் ஒரு தாளில் எதிரெதிரே எழுதுங்கள். நாற்பது சொற்கள் இருந்தால் முதல் தவணை ஓடிவிடும்.

அந்தத் தாளில் "பிற்செலவு" (ஆங்கிலத்தில் ரிக்ரெஷன்) என்ற சொல்லைக் கொஞ்சம் விளக்கி எழுதுங்கள். காசு செலவு என்று நினைத்துக் குழம்பும் பிள்ளைகள் உண்டு. பழந்தமிழில் செலவு என்றால் போதல், பயணம். பிற்செலவு என்றால் பின்னோக்கிப் போதல். பிரான்சிஸ் கோல்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1886இல் பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டபோது, மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கித் திரும்பி வருவதைக் கண்டு வைத்த பெயர் அது. ஆங்கிலச் சொல்லை விட நம் சொல் அந்தக் கருத்தை நேராகப் பிடித்திருக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

இரண்டு நூல்களின் உதாரணங்களும் பெரும்பாலும் அமெரிக்கா: கடன் விண்ணப்பங்கள், மாவட்டத் தரவுகள், கல்லூரிக் கட்டணம். பாடம் நடத்துபவர் அவற்றை மாற்றிக்கொள்ளலாம், நம்மிடம் நல்ல தரவு இருக்கிறது. தொகைமதிப்பு மற்றும் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 வீட்டலகு வருமான, செலவின அளவீட்டில் மாதாந்த வீட்டலகு வருமானத்தின் இடை 76,414 ரூபா, இடையம் 53,333 ரூபா. ஏன் இடை இவ்வளவு மேலே நிற்கிறது என்று கேளுங்கள், கொழுந்துக் கணக்கின் 35 கிலோ ஞாபகம் வரும். அதே அளவீட்டில் வறுமை நாடு முழுதும் 14.3 வீதம், தோட்டத்துறையில் 33.8 வீதம். இதைச் சொல்லும்போதே தோட்டத்துறை என்பதன் வரைவிலக்கணத்தையும் பலகையில் எழுதுங்கள்: 20 ஏக்கரோ அதற்கு மேலோ, வதியும் தொழிலாளர் 10 பேரோ அதற்கு மேலோ உள்ள பெருந்தோட்டம். அப்படியானால் ஹட்டன் டவுனில் குடியேறிய தோட்டக் குடும்பம் எந்தத் துறைக்குள் எண்ணப்படும்? பத்து ஏக்கர்த் தோட்டத்தில் இருப்பவர்? குடித்தொகையை வரையறுப்பது என்றால் என்ன என்பதற்கு ஓப்பன்ஸ்டாக்ஸின் முதல் அத்தியாயத்தை விட இந்த இரண்டு கேள்விகளும் ஆழமாக இறங்கும்.

கணினிப் பயிற்சிக்கு ஓப்பன்இன்ட்ரோ, ஆர் (R) என்ற புள்ளிவிபர மென்பொருளுக்கான செயன்முறைப் பாடங்களை இலவசமாகத் தருகிறது. ஆர் மென்பொருளும் இலவசம். தோட்டப்பக்கம் சிக்னல் வருவதும் போவதுமாக இருப்பதால், வளாகத்தில் இணைப்பு இருக்கும்போதே மென்பொருளையும் தரவுக் கோப்புகளையும் இறக்கி வைத்துவிடுங்கள். நிறுவிய பிறகு இணையம் இல்லாமலே வேலை செய்யும்.

அச்சுப் பிரதிக்கும் வழி இருக்கிறது. இரண்டு நூல்களின் உரிமமும் நகலெடுக்க அனுமதிக்கிறது, ஆகவே போட்டோ கொப்பி எடுப்பதில் குற்றம் இல்லை. ஆனால் ஓப்பன்ஸ்டாக்ஸின் 900 பக்கத்தையும் எடுக்காதீர்கள். ஓப்பன்இன்ட்ரோவின் முதல் எட்டு அத்தியாயங்களையும் பின்னிணைப்பிலுள்ள அட்டவணைகளையும் எடுத்தால் ஒரு பாடநெறிக்குப் போதும். ஒற்றை எண் பயிற்சிகளுக்கான விடைகள் கடைசியில் இருக்கின்றன, அவற்றையும் சேர்த்துச் சுருள் பைண்டிங் போடுங்கள்.

பதிப்பைப் பார்த்து இறக்குங்கள். ஓப்பன்இன்ட்ரோவின் 3ஆம் பதிப்பில் எட்டு அத்தியாயங்கள்தான். அதில் சராசரிக்கான சோதனை 5ஆம் அத்தியாயம், விகிதாசாரம் 6. நான்காம் பதிப்பில் விகிதாசாரம் 6, சராசரி 7. விரிவுரையாளரின் குறிப்பு ஒரு பதிப்பையும் உங்கள் கைப்பிரதி இன்னொரு பதிப்பையும் பின்பற்றினால் வீட்டுவேலைக் கணக்குகள் ஒன்றும் பொருந்தாது. அட்டைப் பக்கத்தில் பதிப்பு எண் இருக்கும், நகலெடுக்கக் கொடுக்கும் முன் ஒருதரம் ஒப்பிட்டுப் பாருங்கள்.