திருவருகைக்கால வளையம்: பெட்டியில் வரும் செட்டை வாங்கலாமா?

திருவருகைக்காலம் என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காத்திருப்புக் காலம். ஞாயிறுக்கு ஒரு திரியாகக் கூட்டிக்கொண்டே போய் ஏற்றுவதற்குத்தான் இந்த வளையம். 30 செ.மீ. குறுக்களவில் ஓர் இரும்பு வளையம், அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் பைன் இலை, மூன்று ஊதா மெழுகுதிரி, ரோஸ் நிறத்தில் ஒன்று, நடுவில் வைக்கப் பருமனான வெள்ளை ஒன்று, கூடவே ஒரு ஜெபப் புத்தகம். நவம்பரில் விற்பனைக்கு வரும் வழக்கமான செட் இது. பெட்டி மேல் ‘மலர்வளையம்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். தமிழில் மலர்வளையத்தை எங்கே வைப்பார்கள் என்று யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

வளையத்துக்காக வாங்கலாம். கனமான இரும்பு, மேசையில் ஆடாமல் உட்கார்கிறது, பல வருடம் வரும். மெழுகுதிரிக்காக வாங்கினால் ஏமாற்றம்தான்.

கணக்கைப் பாருங்கள். 2026இல் திருவருகைக்காலம் நவம்பர் 29இல் தொடங்குகிறது. டிசம்பர் 24 வரை 26 நாள். மாலை ஜெபத்துக்குத் தினம் 20 நிமிடம் ஏற்றினால் முதல் திரி 520 நிமிடம் எரிய வேண்டும். இரண்டாவது 380, மூன்றாவது 240, நான்காவது வெறும் 100. செட்டில் உள்ளவை நான்கும் ஒரே 15 செ.மீ. உயரம், 2 செ.மீ. பருமன். காற்றில்லாத அறையில் இந்தப் பருமன் மணிக்கு ஏறக்குறைய 2.5 செ.மீ. கரையும், ஆக ஆறு மணி நேரம். முதல் திரி டிசம்பர் 16ஆம் தேதியே தீர்ந்துவிடும். மின்விசிறி ஓடினால் மெழுகு ஒரு பக்கமாக வழிந்து இன்னும் சீக்கிரம் தீரும். நேரத்தை 12 நிமிடமாகக் குறைத்தால் கடைசி நாள் வரை தாங்கும். இல்லையென்றால் முதலாவதற்கு மட்டும் 25 செ.மீ. திரி ஒன்று தனியாக வாங்குங்கள். நான்கும் ஒரே உயரமாகத் தெரியட்டும் என்று இடம் மாற்றி மாற்றி வைப்பவர்கள் உண்டு, வேண்டாம். படிப்படியாக நிற்கும் அந்த உயரமே எத்தனை வாரம் போயிற்று என்று காட்டுகிறது.

திரி நிற்கும் கிண்ணம் 22 மி.மீ. அகலம், திரியோ 20. சாய்ந்து எரியும், ஒழுகும். அடிப்பகுதியில் அலுமினியத் தாளை இரண்டு சுற்றுச் சுற்றிச் செருகினால் சரியாகிவிடும். எரியும் நூலை ஒவ்வொரு நாளும் 6 மி.மீ. மட்டும் நிற்கும்படி வெட்டிவிட்டு ஏற்றுங்கள், புகை குறையும்.

உண்மையான ஆபத்து இலையில். பிளாஸ்டிக் ஊசிகள் கிண்ணத்துக்கு மேலேயே 3 செ.மீ. எழும்பி நிற்கின்றன, திரி கரையக் கரையச் சுடர் அவற்றை நெருங்கும். மெல்லிய கம்பியால் ஒவ்வொரு கிண்ணத்தைச் சுற்றியும் இலையை 5 செ.மீ. விலக்கிக் கட்டிவிட வேண்டும். பச்சைச் சவுக்குக் கொத்தும் வைக்கலாம், ஆனால் ஒரு வாரத்தில் காய்ந்து விறகாகிவிடும். சனிக்கிழமைதோறும் மாற்ற முடிகிறவர்கள் மட்டும் வையுங்கள்.

ஜெபப் புத்தகம் இந்தச் செட்டின் பலவீனமான பாகம். ஞாயிறு நற்செய்திகள் மத்தேயு 24, 3, 11, 1 அதிகாரங்கள் என்று போட்டிருக்கிறது. கோயிலில் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வரும். அவை முதல் ஆண்டு வாசகங்கள், 2025க்குப் பொருந்தியிருக்கும். 2026 திருவருகையோடு இரண்டாம் ஆண்டு தொடங்குகிறது: மாற்கு 13, மாற்கு 1, யோவான் 1, லூக்கா 1. மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் புத்தகம் கோயிலோடு ஒத்துப்போகும். 28 நாளுக்கும் ஜெபம் தந்திருக்கிறார்கள். காலமோ ஆண்டைப் பொறுத்து 22 முதல் 28 நாள் வரை மாறும். முதல் திரிக்கு ‘நம்பிக்கை’ என்று பெயரிட்டதும் குழப்பம். கோயில் தமிழில் அது விசுவாசம். இங்கே சொல்ல வந்தது எதிர்நோக்கு (hope). வளையம் இடைக்கால வழக்கம் என்று முன்னுரை அடித்துச் சொல்கிறது. ஆனால் இன்றைய வடிவத்தின் வேர், 1839இல் ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிச் விஹெர்ன் என்ற லூத்தரன் போதகர் ஏழைச் சிறுவர்களுக்காகத் தொங்கவிட்ட வண்டிச் சக்கரம்: நாட்களுக்கு 20 சிறிய சிவப்புத் திரி, ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை. கத்தோலிக்க வீடுகளுக்கு அது வந்ததெல்லாம் பிறகுதான்.

ரோஸ் திரி மூன்றாம் ஞாயிறுக்கு, டிசம்பர் 13. பெட்டிப் படத்தில் இருப்பதுபோல் நான்காவதாக ஏற்றாதீர்கள்.

வெள்ளைத் திரி தரமானது, 5 செ.மீ. பருமன். அதை 24ஆம் தேதி இரவு முதன்முதலாக ஏற்றும்போது மேல்பரப்பு முழுவதும், விளிம்புவரை, உருகும்வரை விடுங்கள். இரண்டு மணி நேரம் பிடிக்கும். அவசரமாக அணைத்தால் நடுவில் மட்டும் குழி விழும், அடுத்த நாளிலிருந்து நூல் மெழுகில் மூழ்கிச் சுடர் நிற்காது. அந்த ஒரு இரவு பொறுத்துக்கொண்டால் கிறிஸ்துமஸ் காலம் முடியும் 2027 ஜனவரி 10, ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை தினமும் ஏற்றலாம்.