பத்மநாபபுரம் ஒருநாள் சுற்றுலா: அரண்மனைக்கு முழு மதிப்பெண், வழிகாட்டிக்குப் பாதி

திருநெல்வேலியிலிருந்து ஒரு சுற்றுலா நிறுவனத்தின் வேனில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு திருவிதாங்கூர் ராஜாக்களின் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்வந்தேன். ஆளுக்கு 1,200 ரூபாய். மதியச் சாப்பாடும் வழிகாட்டியும் அதில் சேர்த்தி. வேன் நேரத்துக்கு வந்தது. ரசம் நன்றாக இருந்தது. என் குறையெல்லாம் வழிகாட்டியிடம்தான்.

நான் இருபத்தாறு வருடம் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் மனுக்களைப் பார்த்தவள். யாருக்குப் பாத்தியதை, யார் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள் என்று துருவுவதே பிழைப்பாக இருந்தது. அப்படிப்பட்டவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ராஜாவுக்குப் பிறகு அவர் மகன், அவருக்குப் பிறகு அவர் மகன் என்று வாழையடி வாழையாக ஆண்டார்கள்" என்று அந்தப் பையன் ஆரம்பித்தால் எப்படிச் சும்மா இருப்பேன்?

திருவிதாங்கூரில் ராஜாவின் மகனுக்குப் பட்டம் கிடையாது. மருமக்கள்வழி, சகோதரி பெற்ற மகன்தான் அடுத்த ராஜா. ராஜா கட்டிக்கொண்டவள் ராணி ஆகமாட்டாள், அம்மச்சிதான். ராணி என்பது சகோதரிக்கும் அவள் வழிப் பெண்களுக்கும் உரியது. ராஜாவின் சொந்தப் பிள்ளைகளைத் தம்பி, தங்கச்சி என்பார்கள். "தம்பி, கொஞ்சம் நில்லுங்கள்" என்று வழிகாட்டியைக் கூப்பிட்ட பிறகுதான் எனக்கே சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் தம்பி என்றால் நாட்டில் பங்கில்லாதவன்.

1729இல் மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்தபோது, முந்தைய ராஜா ராம வர்மாவின் மகன்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் தங்களுக்குத்தான் உரிமை என்று கிளம்பினார்கள். இருவரும் கொல்லப்பட்டார்கள். அரண்மனையைப் பெரிதாக எடுத்துக் கட்டியவர் ஜெயித்த அந்த மருமகன், மார்த்தாண்ட வர்மாதான். நம்முடைய வழிகாட்டி இதையெல்லாம் தாண்டிப் போய், மூலிகை மரக் கட்டில் முன்னால் கால் மணி நேரம் நின்றார். 64 வகை மரமாம். இருக்கட்டும்.

தாய்க்கொட்டாரம் (மலையாளத்தில் கொட்டாரம் என்றால் அரண்மனை) இருப்பதிலேயே பழைய பகுதி. பலா மரத் தூணில் பூ வேலைப்பாட்டைத் தொடாமல் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்த பேத்தி, "பெயரே தாய்க்கொட்டாரம், வாரிசும் அம்மா வழி. அப்படியென்றால் ராணிதானே ஆண்டிருக்க வேண்டும், ஆச்சி?" என்று கேட்டாள். வழிகாட்டி பல்லைக் காட்டினார். அங்கே பணியில் இருந்த அரண்மனை ஊழியர் அம்மாள்தான் மலையாளம் கலந்த தமிழில் பதில் சொன்னார். ஆண் வாரிசு இல்லாததால் 1810இல் கௌரி லட்சுமி பாய் ஆட்சிக்கு வந்தார். 1813இல் சுவாதித் திருநாள் பிறந்தார். அதன்பின் தொட்டிலில் கிடந்த பிள்ளை ராஜா, பெற்றவள் வெறும் பிரதிநிதி. இரண்டே வருடத்தில் லட்சுமி பாயும் இறந்துபோக, தங்கை பார்வதி பாய் 1829 வரை பார்த்துக்கொண்டார்.

நான் பார்த்த தத்துக் காகிதங்களில் பெரும்பாலும் ஆண்பிள்ளையைத்தான் தேடியிருப்பார்கள். இந்தக் குடும்பம் பெண்ணைத் தேடியது! 1900இல் மாவேலிக்கரையிலிருந்து இரண்டு சிறுமிகளைத் தத்தெடுத்தார்கள். இளையவர் சேது பார்வதி பாயின் மகன் சித்திரைத் திருநாள்தான் கடைசி ராஜா. 1924இல் பட்டம் வந்தபோது அவர் சிறுவன் என்பதால் மூத்தவர் சேது லட்சுமி பாய் 1931 வரை நாட்டை நடத்தினார். பெண் இல்லாமல் வம்சம் இல்லை; ஆனால் நாற்காலியில் பையன் வளரும்வரைதான் அவள்.

உப்பரிகை மாளிகையின் உச்சி மாடிக்கு எங்களை விடவில்லை. அது திருவனந்தபுரம் கோயிலின் பத்மநாப சுவாமிக்கு உரியது. "பூட்டியிருக்கிறது" என்பதோடு வழிகாட்டி முடித்துக்கொண்டார். அந்தப் பூட்டில்தானே விஷயம்! 1750இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே சுவாமிக்கு எழுதிவைத்துவிட்டு, பத்மநாப தாசனாக ஆண்டார். பின்னால் வந்தவர்களும் அப்படியே. இங்கிலாந்தில் கத்தோலிக்கர் அரியணை ஏறக்கூடாது என்று 1701இல் சட்டம் எழுத வேண்டியிருந்தது. இங்கே ராஜாவே கோயில் ஊழியர் என்றான பிறகு வேற்று மதத்தார் என்ற பேச்சுக்கே இடமேது? ராஜ பட்டங்களின் அங்கீகாரம் 1971இல் போய்விட்டது. ஆனாலும் கோயில் நிர்வாகத்தில் இந்தக் குடும்பத்துக்கு இருக்கும் உரிமையை 2020இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. இன்றைக்கும் அந்தப் பொறுப்பு மருமக்கள்வழியில்தான் போகிறது.

திரும்பும்போது வழிகாட்டி ஐந்து நட்சத்திரம் கேட்டார். வேனுக்கும் ரசத்துக்குமாக இரண்டரை போட்டிருக்கிறேன். நீங்கள் போவதானால் பஸ்ஸில் தக்கலையில் இறங்கி ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள், பக்கம்தான். திங்கட்கிழமை விடுமுறை. தாய்க்கொட்டாரத்தில் அந்த அம்மாள் பணியில் இருந்தால் கட்டிலைப் பற்றிக் கேட்காதீர்கள். ராணிகளைப் பற்றிக் கேளுங்கள்.