முதல் ஏர்லைன்: என்வாயா, ஸ்கைவெஸ்டா?

அமெரிக்காவில் 1500 மணி நேரம் பறந்து முடிக்கும்வரை எந்த ஏர்லைன் என்ற யோசனையே வராது, மணி நேரம் சேர்க்கவே பொழுது சரியாக இருக்கும். 2009-ல் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்ததற்குப் பிறகு வந்த விதி அது, துணை விமானி இருக்கைக்கே அவ்வளவு வேண்டும். நான் டென்வரில் பயிற்றுநராக இருந்து சின்ன செஸ்னாவில் மாணவர்களோடு சுற்றிச் சுற்றியே அதை முடித்தேன். அப்போது கையில் இரண்டு வாய்ப்புகள் இருந்தன: என்வாய், ஸ்கைவெஸ்ட். இரண்டுமே பெரிய ஏர்லைன்களுக்காகச் சின்ன ஜெட்களை ஓட்டும் பிராந்திய ஏர்லைன்கள். ஸ்கைவெஸ்டை எடுத்தேன், ஆகவே இதை நடுநிலை அலசல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சம்பளத்தை வைத்து முடிவெடுக்க எதுவுமில்லை. 2022-ல் என்வாய் முதல் வருடத்துக்கு மணிக்கு 90 டாலர் என்று ஏற்றியதும் மற்றவர்களும் பின்னாலேயே ஏற்றிவிட்டார்கள். எம்ப்ரேயர் 175 ஜெட் இரண்டிலும் இருக்கிறது, ஸ்கைவெஸ்டில் சிஆர்ஜே என்ற ஜெட்டும் உண்டு. என்வாய் விமானிகளுக்குப் பல ஏர்லைன்களுக்கும் பொதுவான ஆல்பா என்ற விமானிகள் சங்கம், ஸ்கைவெஸ்டில் நிறுவனத்துக்குள்ளேயே உள்ள அமைப்பு ஒன்றுதான்.

என்வாயின் உண்மையான பலம் வேறு. அது அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கே சொந்தம். வரிசை வந்தால் மறு நேர்முகத் தேர்வு இல்லாமல் பெரிய நிறுவனத்துக்குப் போய்விடலாம். நானும் இதில்தான் பல ராத்திரி தூங்காமல் கிடந்தேன். ஸ்கைவெஸ்ட் தனி நிறுவனம், ஒப்பந்தத்தில் ஓடுவது. ஒரே ஒரு பெரிய ஏர்லைனை நம்பியிருந்தால் பயந்திருப்பேன் (டிரான்ஸ் ஸ்டேட்ஸ் என்ற பிராந்திய ஏர்லைன் 2020-ல் மூடப்பட்டது), ஆனால் இது யுனைடெட், டெல்டா, அமெரிக்கன், அலாஸ்கா என்று நாலு பேருக்கும் பறக்கிறது.

சரி, என் முடிவு எதில் நின்றது என்றால், வீடு எங்கே, பேஸ் (விமானி வேலையைத் தொடங்கும் ஊர்) எங்கே என்பதில். ஸ்கைவெஸ்டுக்கு டென்வரில் பேஸ் உண்டு, என்வாய்க்கு இல்லை. புது ஆள் என்றால் சீனியாரிட்டியில் கடைசி, கடைசி என்றால் ரிசர்வ், அதாவது போன் அடித்தால் இரண்டு மணி நேரத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். பேஸ் வேறு ஊரில் என்றால் டென்வர் வீட்டிலிருந்து அது முடியாது, பேஸ் இருக்கும் ஊரில்தான் கிடக்க வேண்டும்.

எனக்கும் டென்வர் உடனே கிடைக்கவில்லை, முதல் நான்கு மாதம் சிகாகோ. அந்த நான்கு மாதம்தான் எனக்கு எல்லாவற்றையும் புரியவைத்தது. காலை ஐந்து மணி ரிசர்வுக்கு முந்தின நாள் சாயங்காலமே டென்வரிலிருந்து கிளம்ப வேண்டும், சிகாகோ கடிகாரம் வேறு ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். ஜம்ப்சீட் (விமானிகள் ஓசியில் போக உதவும் காக்பிட் உபரி இருக்கை) எனக்கு முன்னால் நிற்பவருக்குப் போய்விட்டால் அடுத்த விமானம், அதுவும் நிறைந்திருந்தால் அதற்கடுத்தது. சிகாகோவின் ஓஹேர் விமான நிலையம் பக்கத்தில் ஒரு கிராஷ்பேட், அதாவது விமான ஊழியர்கள் பங்குபோட்டுத் தங்கும் இடம், ஒரு அறையில் ஆறு பேர், அடுக்குக் கட்டில், ஆளுக்கொரு திரை. பிரிட்ஜில் என் புளிசாத டப்பா மேல் பெயர் எழுதி ஒட்டியிருப்பேன், அப்படியும் ஒருநாள் காலி. மாதம் பன்னிரண்டு நாள் விடுப்பு என்று தாளில் இருந்தாலும், போகவர செலவானது போக வீட்டில் இருந்தது ஏழெட்டு நாள்தான். இதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

டென்வர் பேஸ் வந்த பிறகு ரிசர்வ் நாளிலும் என் அடுப்படியில்தான் காபி.

கேப்டன் இருக்கையைப் பற்றி நான் பேசக்கூடாது, அதற்கு ஏர்லைனிலேயே பறந்த 1000 மணி நேரம் வேண்டும், அதை இன்னும் தொடவில்லை. ஐந்தாறு வருடம் கழித்து அமெரிக்கன் வரிசையில் என் என்வாய் நண்பன் முன்னால் நின்றால் வயிறு எரியாது என்றும் சொல்லமாட்டேன். ஆனால் அவன் வீடு டாலஸ் பக்கம் இர்விங்கில், பேஸும் அங்கேயே, காரில் இருபது நிமிடம். அவன் இடத்தில் இருந்திருந்தால் நானும் யோசிக்காமல் என்வாய்க்குத்தான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.