ஆஸ்டெரிஸ்க்: ஒட்டுப்போட்டது போதும், பிஜெசிப்புக்கே மாறுங்கள்

சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டங்களுக்கு உரம் விற்கும் எங்கள் கடையில் எல்லா போனும் ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி இணைப்பக மென்பொருளில்தான் ஓடுகிறது. இலவசம், திறந்த மூலம், ஒரு பழைய கணினி போதும். 1999இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கியது இன்னும் தெம்பாக இருக்கிறது.

சர்ச்சை எல்லாம் அதன் சிப் பகுதியைப் பற்றித்தான்; இணையவழி அழைப்புகளை இணைத்துவைக்கும் நெறிமுறைதான் சிப். ஓடுகிற வண்டியை ஏன் பிரிக்க வேண்டும், அந்த வேலையைச் செய்யும் பழைய சான்_சிப் நிரலையே அங்கங்கே சரிசெய்தால் போதாதா என்பார்கள். ஆனால் அதன் குறிநிரலில் பெரும்பகுதி ஒரே ராட்சதக் கோப்பு, ஓரிடத்தில் கைவைத்தால் வேறிடத்தில் உடையும். 2013இல் 12ஆம் பதிப்போடு அதற்கு மாற்றாக பிஜெசிப் வந்தது, 2023இல் 21ஆம் பதிப்பில் பழையதை எடுத்தே விட்டார்கள். சரியான முடிவு.

பழையதில் ஓர் எண்ணுக்கு ஒரு கருவிதான்; முதலாளி தோட்டத்தில் இருந்துகொண்டு கைப்பேசியில் பதிவானால் மேசை போன் ஊமையாகிவிடும். புதியதில், ஓர் எண்ணில் எத்தனை கருவி பதியலாம் என்று சொல்லும் மேக்ஸ்_கான்டாக்ட்ஸை 2 ஆக்கி, அழைப்பு எங்கே போக வேண்டும் என்று சொல்லும் டயல் வரியில் பிஜெசிப்_டயல்_கான்டாக்ட்ஸ் போட்டால் இரண்டும் சேர்ந்தே அடிக்கும். டயல் வரியை மறந்தால் ஒன்றுதான் அடிக்கும், ஜாக்கிரதை.

குறை என்றால், முன்பு அமைப்புக் கோப்பில் ஒரே பத்தியில் எழுதியதை இப்போது எண்ட்பாயிண்ட் (போனின் அமைப்பு), ஆத் (கடவுச்சொல்), ஏஓஆர் (போன் பதிவாகும் முகவரி) என்று பிரித்துப் பிரித்து எழுத வேண்டும். ஆஸ்டெரிஸ்கோடு வரும் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் பழைய கோப்பைப் புதியதாக மாற்றித் தரும், ஆனாலும் வரி வரியாகப் பார்த்தே ஆக வேண்டும். ஐ.டி. ஆள் இல்லாத சின்னக் கடைகளுக்கு இது பெரிய சுமை, ஆஸ்டெரிஸ்கைச் செய்தவர்கள் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

பயமாக இருந்தால் 20ஆம் பதிப்பைப் போடுங்கள், அதில் இரண்டும் உண்டு. பழையது தானாகச் சேராது, நிறுவும்போது மெனுசெலெக்ட் என்ற தேர்வுப் பட்டியலில் அதை டிக் செய்ய வேண்டும். அப்புறம் இரண்டையும் வேறு வேறு நெட்வொர்க் போர்ட்டில் ஓடவிட்டு, போன்களை ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.