வேண்டாத வாத்து: ஏரியா, பட்டியா, கொல்லையா?

நல்ல தீவனம் கிடைத்தால் வெள்ளை பெக்கின் வாத்துக்குஞ்சு இரண்டே மாதத்தில் மூன்று கிலோவைத் தொட்டுவிடும். குழந்தைக்காக ஆசையாய் வாங்கியவர்கள் கத்தலும் எச்சமும் தாங்காமல், "உங்க வீட்ல கொல்லை இருக்கே, வெச்சுக்கறீங்களா?" என்று வந்து நிற்பது அப்போதுதான். அந்த வாத்துக்கு மூன்று வழிகள் உண்டு.

பலருக்கும் முதலில் தோன்றுவது ஏரி அல்லது கோயில் குளம். மூன்றில் மோசமானது அதுதான். பெக்கினால் உடல் கனத்தோடு எழும்பிப் பறக்க முடியாது. வெள்ளை நிறம் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். தட்டில் தின்று வளர்ந்ததற்கு இரை தேடவும் தெரியாது. கரையேறியதும் தெருநாய்தான். பிழைத்துவிட்டாலும் சிக்கல் தீராது. வீட்டு வாத்தின் நோய் காட்டுப் பறவைகளுக்குப் பரவும். நம் ஏரிகளின் புள்ளிமூக்கு வாத்தோடு இனம் கலக்கவும் கூடும். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி பிராணியைக் கைவிடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது.

அடுத்தது வாத்துக்காரரின் பட்டி. அறுவடை முடிந்த வயல்களில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் மேயும் கூட்டம் அது. சிந்திய நெல், நத்தை, புழு என்று வாத்துக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது, கூட்டமும் கிடைக்கிறது. ஆனால் அங்கே இருப்பவை கீரி, சன்னியாசி போன்ற நடைக்குப் பழகிய நாட்டு வாத்துகள். வயல் வயலாக நடக்கும் அவற்றோடு கனத்த பெக்கின் ஈடுகொடுக்காது. முட்டைக்காக வளர்க்கும் காக்கி கேம்பல் வகை என்றால் தாராளமாகக் கேட்டுப் பார்க்கலாம். முட்டை குறைந்தால் அது கறிக்குப் போகும். வாத்துக்காரரின் பிழைப்பு அது, அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை ஏற்க மனம் வராதவர்கள் அங்கே அனுப்ப வேண்டாம்.

என் ஓட்டு கொல்லைக்குத்தான், மண் தரை இருந்தால் மட்டும். மொட்டை மாடியிலும் சிமெண்டுத் தரையிலும் பாதம் தேய்ந்து புண்ணாகி, வீங்கி, நடையே போய்விடும். அடுக்குமாடிவாசிகள் பரிவு மிகுதியால் ஒப்புக்கொள்ளாமல், கொல்லை உள்ள வேறொரு வீட்டைத் தேடித் தருவதே வாத்துக்குச் செய்யும் உதவி.

குளம் வெட்டத் தேவையில்லை. கண்ணும் மூக்குத் துளையும் சுத்தமாக, தலை முழுதும் முங்கும் ஆழத்தில் தண்ணீர் தினமும் வேண்டும். ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி போதும். அழுக்குத் தண்ணீரை வாழைக்கு ஊற்றலாம்.

சாப்பாட்டில் கவனம் தேவை. சோறும் ரொட்டியும் மட்டும் போட்டு வளர்த்தால் குஞ்சுகளின் கால் வளையும்; கோழியைவிட வாத்துக்கு நியாசின் என்ற பி3 வைட்டமின் கூடுதலாக வேண்டும். உப்பில்லாத மீன் தூளும் வேகவைத்த பட்டாணியும் அதைத் தரும். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். கோழி தாங்கும் அளவு அஃப்லாடாக்சின் நஞ்சே வாத்தைக் கொன்றுவிடும்.

ஒற்றை வாத்தைத் தனியாக வைத்திருப்பது பாவம். கூட்டத்தில் வாழப் பிறந்தது அது. துணை தேடுமுன் ஆணா பெண்ணா என்று பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு வால்மேல் இறகு சுருண்டு நிற்கும், குரல் கரகரக்கும். கத்தித் தெருவையே கூட்டுவது பெண்தான். (வேறு இனமான மணிலா வாத்துக்கு, அதாவது மஸ்கோவிக்கு, இந்த அடையாளம் பொருந்தாது, அது நன்றாகப் பறக்கவும் செய்யும்.) இரண்டு ஆணுக்கு நடுவே ஒரே பெண்ணை விட்டால், ஓயாமல் மிதிபட்டு அவள் கழுத்து இறகு உதிர்ந்து புண்ணாகும். இரண்டு பெண், அல்லது ஓர் ஆணுக்கு நான்கைந்து பெண் என்றால் சண்டையில்லை.

ஏற்கெனவே கோழியோ வாத்தோ வளர்ப்பவர்கள், புதிதாக வந்ததை இரண்டு வாரமாவது தனியே வைக்க வேண்டும். வாத்து, நோய் எதுவும் காட்டாமலேயே பறவைக் காய்ச்சல் கிருமியைச் சுமக்கக் கூடியது. வாத்து பிளேக் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கொடுப்பவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் விசாரியுங்கள். இரவுக்கூண்டின் கம்பிவலை கீரிப்பிள்ளை நுழையாத அளவு நெருக்கமாக இருக்கட்டும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடம்கூட வாழும் பறவை இது. சரி என்று தலையாட்டுமுன் வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள்.