நடுநிசியில் இருமல் வந்தால் கைக்கு எட்டுவது எது? தாழ்வாரத் தொட்டி, வாடகைப் பாத்தி, சமூகத் தோட்டம், தேக்கா சந்தை

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. டிசம்பர் மாதம், சிங்கப்பூரில் வடகிழக்குப் பருவமழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஓர் இரவு. மணி இரண்டைத் தாண்டியிருக்கும். இருமி இருமி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அந்த நாளில் என்னிடம் பூங்காவில் ஒரு வாடகைப் பாத்தி இருந்தது. அதில் தூதுவளை படர்ந்து கிடந்தது, துளசி இடுப்புயரம் நின்றது, ஆடாதோடைகூட இருந்தது. எல்லாம் வீட்டிலிருந்து இருபது நிமிட நடையில். வாசலில் இருந்ததோ, பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) ஒடித்துக்கொடுத்த கொப்பிலிருந்து வளர்த்த ஒரே ஒரு கற்பூரவல்லித் தொட்டி. கதவைத் திறந்து நான்கு இலை பறித்தேன். தோசைக்கல்லில் லேசாக வாட்டியதும் இலை தளர்ந்து, ஓரங்களில் நீர் கசிந்தது. உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தால் அரை தேக்கரண்டிச் சாறு. தேன் கலந்து நாக்கில் தடவினேன். சற்று நேரத்தில் தூங்கிவிட்டாள். சாறு வேலை செய்ததா, களைப்பு வேலை செய்ததா என்று நான் வாதிடமாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்குக் கைகொடுத்தது இரண்டரை மீட்டர் பாத்தி அன்று, பத்து அங்குலத் தொட்டிதான்.

அதிலிருந்து, மூலிகை வளர்க்க ஆசைப்படும் எவரிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: இந்த இலை உங்களுக்கு எந்த நேரத்தில் வேண்டியிருக்கும்?

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் நமக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. வாசலையொட்டிய தாழ்வாரத்தில் தொட்டி வைக்கலாம். தேசியப் பூங்காக் கழகத்திடம் குலுக்கலில் ஒரு பாத்தியை வாடகைக்கு எடுக்கலாம். வட்டாரத்துச் சமூகத் தோட்டத்தில் சேரலாம். ஒன்றும் வேண்டாம் என்றால் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் வாங்கிக்கொள்ளலாம். நான்கையும் செய்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

தாழ்வாரத்தில் தொடங்குகிறேன். இங்கே பெரும்பாலோர் ஏமாறுவது வெயிலில். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு 137 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது, ஆண்டு முழுவதும் வெயிலுக்குப் பஞ்சமில்லை என்று நினைத்துத் துளசி வாங்கி வருவோம். ஆனால் நம் தலைக்கு மேலே ஒரு மாடி இருக்கிறது. அதன் தளம் உச்சி வெயிலை முழுக்க மறைத்துவிடும். பக்கவாட்டில் சாய்ந்து வரும் வெயில்தான் நமக்குப் பங்கு. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, மீதி ஆறு மாதம் தெற்கே. ஆகவே வடக்கு பார்த்த தாழ்வாரத்துக்கு நேர்வெயில் ஆண்டில் பாதி நாள்தான். தெற்கு பார்த்ததற்கு மறுபாதி. கிழக்கு பார்த்த வாசல் உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள், ஆண்டு முழுவதும் காலை வெயில் உண்டு. மேற்கு வாசலில் பிற்பகல் வெயில் தொட்டி மண்ணைச் சுட்டுவிடும், அங்கே காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைக்கு மிச்சமிருக்காது.

என் வீட்டு வாசல் வடக்கு. என் துளசி மே மாதத்தில் குட்டையாக, கிளைத்து, கருநீலக் காம்புகளோடு நிற்கும். நவம்பரில் அதே செடி நெட்டையாகி, கணுக்களுக்கிடையே இடைவெளி விழுந்து, இலை வெளிறிவிடும். உரம் போதவில்லை என்று முதல் ஆண்டு மாட்டெரு போட்டுக் கெடுத்தேன். குறை வெளிச்சத்தில்தான் இருந்தது.

கற்பூரவல்லிக்கு இந்தக் கவலை குறைவு. இலையே தண்ணீர்த் தொட்டி மாதிரி தடித்திருக்கும். பாதி நிழலிலும் வளரும். ஒரு கொப்பை ஒடித்து ஈரமண்ணில் குத்தினால் இரண்டு வாரத்துக்குள் வேர் பிடித்துவிடும். இரண்டு வாரம் திருச்சிக்குப் போய்த் திரும்பியபோது துளசி காய்ந்து சுள்ளியாகியிருந்தது, கற்பூரவல்லி கொஞ்சம் வாடியிருந்தது, அவ்வளவுதான். அதைக் கொல்வதற்கு ஒரே வழி அன்பு மிகுந்து தினமும் தண்ணீர் ஊற்றுவது. தண்டின் அடி கறுத்துக் கூழாகிவிட்டால் காப்பாற்ற முடியாது, நுனியை ஒடித்து வேறு தொட்டியில் வைத்துக்கொள்ளவேண்டியதுதான்.

மருந்தாக எது மேல் என்று கேட்கிறார்கள். துளசியின் மணம் யூஜினால், கிராம்பில் இருப்பது. கற்பூரவல்லியின் மணம் கார்வக்ரால், தைமால், அதாவது ஓமத்தின் மணம். அதற்கு ஓமவல்லி என்ற இன்னொரு பெயர் சும்மா வரவில்லை. தொண்டைக்கு இதமாக வெந்நீரில் போட்டு நாள் முழுவதும் குடிக்கத் துளசி நல்லது. சளிக்குச் சாறு பிழிய கற்பூரவல்லி. அடுப்படிக்கு வந்தால் கற்பூரவல்லி துளசியை எளிதில் வென்றுவிடும்: பஜ்ஜி போடலாம், இஞ்சியோடு வதக்கித் துவையல் அரைக்கலாம், தயிர்ப் பச்சடியில் நறுக்கிப் போடலாம். மழை நாளில் ரசம் இறக்கும்போது இரண்டு இலையைக் கிள்ளிப் போட்டு மூடிவைத்தால் வீடே மணக்கும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நம் வீடுகளில் வாசல் துளசி பூசைத் துளசி. விளக்கு வைத்த பிறகு அதைக் கிள்ளக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். இருமல் வருவதோ விளக்கு வைத்த பிறகுதான். என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது, "சாமிக்கு ஒன்று, கஷாயத்துக்கு ஒன்று என்று இரண்டு தொட்டி வைத்துக்கொள், பகலிலேயே பறித்து நிழலில் உலர்த்தி வை" என்றார். அதைத்தான் இன்றும் செய்கிறேன். இடம் ஒரே தொட்டிக்குத்தான் என்றால், தயங்காமல் கற்பூரவல்லி என்பேன்.

மருந்து என்று வந்துவிட்டதால் நான்கு எச்சரிக்கைகள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது, எந்தச் சாற்றிலும் கலந்து கொடுக்கக்கூடாது. கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தொடவேண்டாம். இருமல் மருந்தான புரோம்ஹெக்சின், அந்தச் செடியிலுள்ள வாசிசின் என்ற பொருளைப் பின்பற்றி உருவானது, அத்தனை வீரியமுள்ள இலை அது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்கள் தினமும் துளசி குடிப்பதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடவேண்டும். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால் கஷாயத்தை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் போகவேண்டும். இந்த ஊரில் அது டெங்கியாக இருக்கலாம்.

டெங்கி என்றதும் தொட்டித் தட்டு நினைவுக்கு வரும். தட்டில் தேங்கும் தண்ணீரை எல்லோரும் கவனிக்கிறார்கள். கவனிக்காமல் விடுவது தொட்டி மண். மேல்மண் இறுகிப்போனால் ஊற்றிய தண்ணீர் கீழே இறங்காமல் குளமாக நிற்கும், ஏடிஸ் கொசுவுக்கு அந்தக் கையளவு நீரும் போதும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம். நான் ஞாயிறுதோறும் பழைய முள்கரண்டியால் மேல்மண்ணைக் கிளறிவிடுகிறேன், தட்டுகளை அடியோடு எடுத்துவிட்டேன். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டுத்தான் தொட்டி வைக்கவேண்டும் என்பது தீயணைப்பு விதி. கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம், கீழே நடப்பவர் யாரோ ஒருவருடைய பிள்ளை.

வாடகைப் பாத்திக்கு வருகிறேன். பீஷான் – அங் மோ கியோ பூங்கா, ஹார்ட்பார்க் போன்ற இடங்களில் இருக்கும் இந்தப் பாத்திகள் உயர்த்திக் கட்டியவை, சுமார் 2.5 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். எனக்குக் கிடைத்தபோது ஆண்டு வாடகை 57 வெள்ளி, ஜிஎஸ்டி தனி, ஒப்பந்தம் மூன்றாண்டு. தாழ்வாரத்தில் கிடைக்காத முழு வெயில் இங்கே உண்டு. ஆனால் தினமும் போக முடியாதவர்களுக்கு இது சரிப்படாது. மழை இரண்டு நாள் பொய்த்தால் மண் வெடிக்கும். மூன்றாண்டில் காலி செய்யவேண்டும் என்பதால் கறிவேப்பிலை, முருங்கை போன்ற நீண்டகால மரங்களை இங்கே வைப்பதில் பொருளில்லை. சட்டென்று வேண்டிய இலைகளையும் இங்கே வைக்கக்கூடாது என்பதை அந்த டிசம்பர் இரவில் கற்றுக்கொண்டேன்.

பாத்திக்கென்றே பிறந்தது மஞ்சள். எட்டு, ஒன்பது மாதப் பயிர். சித்திரை முடியும்போது கிழங்கை நட்டால் தைப்பொங்கலுக்குக் கொத்தாகப் பிடுங்கலாம். தேக்காவில் பொங்கலுக்கு மஞ்சள் கொத்து விற்கிறார்கள்தான். ஆனால் நாமே மண்ணைத் தோண்டி, மண் உதிர உதிர அந்தக் கிழங்கைத் தூக்கும்போது வரும் பச்சை வாசனை விலைக்குக் கிடைக்காது. உடைத்தால் உள்ளே செம்மஞ்சள். நகக்கண்ணில் ஏறிய நிறம் நான்கு நாள் போகாது. நடுவில் ஆறேழு மாதம் இலை வேறு கிடைக்கிறது. நம் சமையலில் இலைக்கு அதிக வேலை இல்லை, ஆனால் மக்சிக்கின் ரெண்டாங் இறைச்சிக் கறிக்கு மஞ்சள் இலை இல்லாமல் முடியாது. நோன்புப் பெருநாளுக்கு முன்னால் ஒரு கட்டு கொண்டுபோய்க் கொடுத்தால் பெருநாளன்று ரெண்டாங் கிண்ணம் வாசலுக்கு வரும். கற்பூரவல்லிக் கொப்புக்கு நான் செலுத்தும் கைம்மாறு அது.

சமூகத் தோட்டம் மேற்சொன்ன இரண்டும் தராத ஒன்றைத் தருகிறது: ஆழமான மண், அவசரப்படாத காலம். பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய திட்டத்தின் வழியாக வட்டாரந்தோறும் இவை வந்துவிட்டன. கறிவேப்பிலைக்கு இதுதான் இடம். தொட்டியில் ஐந்தாண்டு வளர்த்த என் கறிவேப்பிலை முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை, ஒரு சட்னிக்குத் தாளித்தால் ஒரு கிளை மொட்டையாகிவிடும். தோட்டத்தில் உள்ளது ஆளுயரம் தாண்டி, வேரிலிருந்து கன்றுகளும் விடுகிறது. ஒரு முறை கொழுந்தில் பறவை எச்சம் போல் ஏதோ ஒட்டியிருந்தது. குச்சியால் தட்டப்போனேன். அது நெளிந்து, தலைக்குப் பின்னால் செந்நிறத்தில் இரு கொம்பை நீட்டியது, கெட்டுப்போன நாரத்தை வாடை அடித்தது. வண்ணத்துப்பூச்சியின் புழு. தொட்டிச் செடியாக இருந்தால் நான்கு புழு ஒரு வாரத்தில் மொட்டையடித்துவிடும், எடுத்தாகவேண்டும். மரத்தில் இருந்ததால் விட்டுவிட்டோம்.

அங்கே வல்லாரையும் ஓடிப் படர்கிறது. நான் பருப்பும் மிளகாயும் வைத்துத் துவையல் அரைப்பேன். மலாய் அம்மா ஒருவர் அதைப் பெகாகா என்று சொல்லிப் உலாம் என்னும் பச்சைக்கீரைக் கலவைக்குப் பறிப்பார். சீன மூதாட்டி அரைத்துச் சாறாகக் குடிப்பார், உடம்புச் சூட்டுக்கு. ஒரே கொடியை மூன்று அடுப்படிக்கும் பங்கிட்டுப் பறிப்போம். அங்கே மூத்தவரான பெரியவர் ஒருவர், நான் முதல்முறை பறித்தபோது, "ஏம்மா, நத்தை ஊர்ந்த இலை, அலசாமல் வாயில் வைத்துவிடாதே" என்றார். அவர் சொன்னது சரி. இங்குள்ள பெரிய ஆப்பிரிக்க நத்தையில் எலியின் நுரையீரல் புழு இருக்கக்கூடும், அது மனித மூளையுறையைத் தாக்கும். பச்சையாகத் தின்னும் இலையை ஒவ்வொன்றாக ஓடும் நீரில் கழுவவேண்டும், சிறு நத்தை ஒட்டியிருக்கிறதா என்று பின்புறம் திருப்பிப் பார்க்கவேண்டும். சந்தேகமிருந்தால் வதக்கிவிடுவது மேல். சமூகத் தோட்டத்தின் குறை ஒன்று: நமக்கு வேண்டியது நாம் போகும் நேரத்தில் மிச்சமிருக்கும் என்று சொல்ல முடியாது. பலர் கை படும் இடம்.

தேக்காவை மட்டமாகப் பேச எனக்கு மனம் வராது. கொத்தமல்லியை இந்த வெப்பத்தில் வளர்க்க மூன்று முறை முயன்றேன். இலை விரியும் முன்பே தண்டு நீண்டு பூத்துவிட்டது. அதை வேரோடு கட்டி விற்கிறார்கள், வாங்கிவிடுங்கள். புதினாவும் வாங்கலாம், வாங்கிய கட்டில் தடித்த இரண்டு தண்டைத் தண்ணீரில் போட்டால் வேர்விடும். சில நாள் தாழ்வாரத்தில் வளரும், பிறகு நூலாகும், மறுபடி வாங்கவேண்டும். சோற்றுக்கு மணமூட்டும் பாண்டான் இலைக்கு மட்டும் காசு கொடுக்கவேண்டாம். பக்கக்கன்று ஒன்று கிடைத்தால் நிழலான மூலையில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். பாஸ்மதி அரிசியில் உள்ள அதே மணப்பொருள்தான் இதிலும், சாதாரண அரிசியில் ஓர் இலையை முடிச்சுப் போட்டு வேகவைத்துப் பாருங்கள்.

பெயர் தெரியாத இலையை யாரோ சொன்னார் என்று பறித்து உண்பவர்கள், அதற்கு முன் ஒரு முறை தாவரவியல் பூங்காவின் குணமளிக்கும் தோட்டத்துக்குப் போய்வரலாம். 2011இல் திறந்தது. தென்கிழக்காசியாவின் மூலிகைகள் பெயர்ப்பலகையோடு நிற்கின்றன. பார்க்க மட்டும், பறிக்க அனுமதியில்லை.

இப்போது என் வாசலில் கற்பூரவல்லி இரண்டு, துளசி இரண்டு, பாண்டான் ஒன்று. தொட்டிக் கறிவேப்பிலையைப் போன மாதம் சமூகத் தோட்டத்து மண்ணுக்கு மாற்றிவிட்டோம். பாத்தியின் மூன்றாண்டு முடியப்போகிறது. இந்தப் பொங்கலுக்குப் பிடுங்கிய மஞ்சளில் முளை பருத்த ஆறு கிழங்கை மண்ணோடு செய்தித்தாளில் சுற்றி அரிசிப்பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இரண்டு பெரியவருக்கு, இரண்டு மக்சிக்குக்கு, இரண்டு அடுத்துப் பாத்தி எடுக்கப்போகும் குடும்பத்துக்கு. அவர்கள் யாரென்று குலுக்கல் முடிந்தால் தெரியும்.